அர்ஜுனும் பீஷ்மரும் ஒரே கட்சி!

நம்ம ஸ்ரீரங்கத்துல காலங்கார்த்தால காதில் விழும் விஷ்ணு சஹஸ்ரநாமம், அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் சொன்னது. அவரை அப்படிப் படுக்க வைத்தவன் அர்ஜுனன். ஆனால் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இந்த இரண்டு பேருமே டாங்கிகள், அதுவும் ஒரே கட்சி!

'டாங்க்' என்பதே ஒரு பொய்ப் பெயர்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இதை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தார்கள். 1916 செப்டம்பரில் போர்க்களத்துக்கு வந்து குட்டு உடைந்த பிறகும் தொட்டி தொட்டியாகவே நின்றுவிட்டது.

ஆவடியில் 1965ல் விக்கர்ஸ் டிசைனில் வந்தது விஜயந்தா. பிறகு ரஷ்ய டி-72க்கு அஜேயா. இரண்டும் வெற்றியைச் சொல்லும் பெயர்கள், அவ்வளவுதான். சுவாரஸ்யமே மகாபாரதம் நுழைந்த பிறகுதான்.

1974ல் அனுமதி கிடைத்த நம் சொந்த டாங்கி அர்ஜுன். 2001ல் ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்ட டி-90 பீஷ்மா. 2010ல் ராஜஸ்தானில் இரண்டையும் போட்டிக்கு விட்டார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது என்றுதான் செய்திகள் வந்தன. ஆனாலும் எடை அதிகம் என்ற குறை போகவில்லை. முதலில் 124, பிறகு 124, 2021ல் 118 என்றுதான் ஆர்டர். பீஷ்மாவோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பி.காம் புத்தி சும்மா இருக்குமா? 118 டாங்கிக்கு 7,523 கோடி, வகுத்தால் ஒன்று சுமார் 64 கோடி. எண்ணிக்கை குறைந்தால் ஃபிக்ஸட் காஸ்ட் எல்லாம் இருக்கிற சிலதின் தலையில்தான் விழும். விலை ஏறினால் ஆர்டர் இன்னும் குறையும். குருக்ஷேத்திரத்தில் ஜெயித்த அர்ஜுனன் இங்கே கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டான் :-)

நடுவில் ஒரு கர்ணனும் உண்டு. டி-72 உடம்பில் அர்ஜுன் தலையைப் பொருத்திய பரிசோதனை டாங்கிக்கு அந்தப் பெயர். பிறந்த இடம் ஒன்று, வளர்ந்த இடம் ஒன்று... பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்! ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது, பாவம்.

2024 ஜூலையில் காட்டப்பட்ட புது இலகுரக டாங்கி புராணத்தை விட்டுவிட்டது. பெயர் ஜொராவர். லடாக்கைப் பிடித்து, 1841ல் திபெத்துக்குள் போய் அங்கேயே இறந்த டோக்ரா தளபதி ஜொராவர் சிங்கின் பெயர். 2020 லடாக் மோதலுக்குப் பிறகு, அதே மலைகளுக்காக 25 டன்னில் செய்த வண்டி இது.