தவறு செய்தேன் என்று எழுந்து நின்ற நீதிபதி



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி, இப்போது மாஜிஸ்திரேட், போனில் கேட்டாள்: "சார், தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்ட நீதிபதி சரித்திரத்தில் யாராவது உண்டா?" சட்டென்று நினைவுக்கு வந்தவர் சாமுவேல் சூவல். போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1652-இல் இங்கிலாந்தில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தவர். ஹார்வர்டில் படித்தார். சட்டம் படித்தவர் அல்ல. அன்று அங்கே நீதிபதியாக அது தேவைப்படவும் இல்லை.

1692-இல் சேலத்தில் (நம் சேலம் அல்ல!) சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோல் துடித்து, இன்னார் சூனியம் வைத்தார் என்று கைகாட்டினார்கள். ஆளுநர் பிப்ஸ் தனி நீதிமன்றம் அமைத்தார். ஸ்டௌட்டன் தலைமையில் ஒன்பது நீதிபதிகள். அதில் சூவலும் ஒருவர். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி வந்து கிள்ளியது என்று ஒரு சிறுமி சொன்னால் அதுவும் சாட்சி. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஆவியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? ரெபெக்கா நர்ஸ் என்ற எழுபது வயது தாண்டிய மூதாட்டியைக் குற்றமற்றவர் என்றுதான் ஜூரிகள் முதலில் சொன்னார்கள். மறுபடி யோசிக்கச் சொன்னதும் குற்றவாளி என்று மாற்றிச் சொன்னார்கள். ஜார்ஜ் பரோஸ் என்ற பாதிரியார் ஹார்வர்டில் சூவலுக்கு ஓராண்டு மூத்தவர். அவரும் தூக்கில் தொங்கினார். மொத்தம் 19 பேர். விசாரணைக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரின் மேல் பாறாங்கல் அடுக்கிக் கொன்றார்கள். சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி ஆரம்பத்திலேயே விலகிக்கொண்டார். சூவல் விலகவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வது நியாயமில்லை.

1696-இல் அவர் வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. டிசம்பரில் இரண்டு வயது மகள் சாரா போனாள். மறுநாள் மகன் வாசித்த பைபிள் பகுதியில் குற்றமற்றவரைத் தண்டிப்பது பற்றி ஒரு வசனம் வந்தது. அது தனக்குச் சேலத்தை நினைவூட்டியதாக டைரியில் எழுதியிருக்கிறார்.

1697 ஜனவரி 14, நாடே நோன்பிருந்த நாள். பாஸ்டன் தேவாலயத்தில் பாதிரியார் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவர் அதை வாசித்து முடிக்கும்வரை சபை நடுவே எழுந்து நின்றார். பழியும் அவமானமும் என்னுடையவை, மன்னியுங்கள் என்பதே அதன் சாரம். முடிந்ததும் தலைவணங்கி உட்கார்ந்தார். ஸ்டௌட்டன் கடைசிவரை அப்படி எதுவும் சொல்லவில்லை.

37 ஆண்டுகள் பிரம்பும் கையுமாக நானும் ஒரு குட்டி நீதிபதிதான். சாக்பீஸ் திருடியதாக ஒரு பையனை அடித்தேன். எடுத்தவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. அவனிடம் தனியாகச் சொன்னேன். வகுப்பின் முன் சொல்ல மனம் வரவில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும்.

1700-இல் சூவல் அடிமைமுறையை எதிர்த்துச் சிறு பிரசுரம் ஒன்று வெளியிட்டார். நியூ இங்கிலாந்தில் அப்படி அச்சானதில் அதுவே முதல். சாஃபின் என்ற இன்னொரு நீதிபதி அதற்கு மறுப்பு எழுதினார். அவரிடமே ஓர் அடிமை இருந்தார்! 1718 முதல் 1728 வரை சூவல் தலைமை நீதிபதி. 1730-இல் காலமானார்.

தண்டனை பெற்ற எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரிலிருந்த களங்கம் மட்டும் 2022 வரை நீங்கவில்லை. வடக்கு ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் விடாமல் முயன்று, சட்டமன்றத்தின் மூலம் அதைத் துடைத்தார்கள்.