சஹானாவும் நிரற் களஞ்சியங்களும்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களைச் சிதைத்தது. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறையே. இங்கு மட்டும் மாண்டோர் 10,000 பேருக்கு மேலாவர். காணாமற்போனோர் யார், எம்முகாமில் எத்தனை பேர், எங்கே எது தேவை என்பவற்றைக் கணக்கிடுதல் அந்நாளிற் பெருஞ் சிக்கலாயிற்று.

அச்சிக்கலைத் தீர்க்க இலங்கைத் தொண்டர்கள் இயற்றிய மென்பொருளே சஹானா. சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். அதன் நிரல் பூட்டி வைக்கப்படவில்லை; யாவரும் படிக்கவும் திருத்தவும் தக்கதாக, 1999 இல் தோன்றிய சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் இணையக் களஞ்சியத்தில் வைக்கப்பெற்றது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டமைக்கு இத்திறந்த நிலையும் ஒரு காரணமாகும்.

நிரற் களஞ்சியம் வெறும் பண்டகசாலை அன்று. எவ்வரியை யார், எந்நாளில், எதற்காக மாற்றினார் என்பதையும் அது காத்து வைக்கின்றது. பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீள இக்குறிப்பே வழிகாட்டும்.

ஆயினும் களஞ்சியங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மருதமுனைக் கைத்தறியை உவமையாகக் கொள்வோம். சேலையின் கோல மாதிரி ஒரே வீட்டில் இருக்க, உரிமை பெற்ற சிலர் மட்டும் அதனைத் திருத்துவது பழைய முறை. சோர்ஸ்ஃபோர்ஜ் தொடக்கத்தில் இம்முறையையே தழுவியது. நெசவாளர் ஒவ்வொருவரும் மாதிரியையும் அதன் முந்தைய திருத்தங்கள் அனைத்தையும் தம்மிடமே வைத்திருப்பது புதிய முறை. 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் படைத்த கிட் இப்புதிய முறையைச் சார்ந்தது. 2008 இல் தொடங்கிய கிட்ஹப், அறிமுகமில்லாதவரும் படியெடுத்துத் திருத்தி அனுப்பவும், உரியவர் வரிவரியாக ஒப்பிட்டு ஏற்கவும் இணையத்தில் வழிசெய்தது. சஹானாவின் பிற்காலப் பதிப்பாகிய ஈடன், லோஞ்ச்பேட் களஞ்சியத்தில் இருந்து பின்னர் கிட்ஹப்பை அடைந்தது.

களஞ்சியங்களும் நிலையானவை அல்ல. கிட்டோரியஸ் 2015 இலும், கூகுள் கோட் 2016 இலும் மூடப்பட்டன. கிட்ஹப் 2018 இல் மைக்ரோசொஃப்ட் வசமாயிற்று. சொந்தக் கணினியிலேயே நிறுவத்தக்க கிட்லேப் போன்றவற்றைப் பலர் நாடுவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம்.

ஆகவே களஞ்சியங்களை ஒப்பிடுவோர் தோற்றத்தையும் வசதியையும் மட்டும் நோக்குதல் போதாது. வெளியேற வேண்டிய நாளில் நிரலையும் அதன் வரலாற்றையும் முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா என்பதே முதல் வினாவாதல் வேண்டும். பேரிடரைக் கண்ட மக்களுக்காகப் பிறந்த நிரல் வீடு பல மாறியும் அழியாது நின்றமை, அவ்வினாவின் பெறுமதியை உணர்த்துகின்றது.