கோலாலம்பூர்த் தமிழ்ச் சொல்லிசை

செந்தூலில் இரயில்வே பட்டறை எழுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதனைச் சூழ்ந்து தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. ரப்பர்த் தோட்டத்துத் தமிழன் லயத்தை விட்டு வெளியே வந்தாலும் அவன் காதில் விழுந்தது பெரும்பாலும் தமிழே. செந்தூல் தமிழனுக்கோ வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கண்டோனீஸ், அண்டை அயலாரோடு மலாய், மேலதிகாரியிடம் ஆங்கிலம் என நான்கு மொழிகளும் ஒரே நாளில் நாவில் புரண்டன. கோலாலம்பூர் இளைஞரின் இசையைப் பற்றிப் பேசுமுன் இச்சூழலை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டுத் தமிழ் இசைக்குழுக்கள் நெடுங்காலம் திரைப்பாடல்களையே பெரிதும் பாடி வந்தன. திருமண விருந்தாயினும் கோயில் திருவிழாவாயினும் மேடையில் ஒலித்தவை சென்னையில் பிறந்த பாடல்கள். கேட்போர் விரும்பியதும் அவற்றையே. பெரும்புகழ் நாடிய கலைஞர் சிலர் கடல் கடந்தனர். 1944-இல் மலாயாவில் பிறந்து, நாடக மேடையில் பயின்ற வாசுதேவன் சென்னை சென்றார். ‘16 வயதினிலே’ (1977) அவருக்குப் பெரும்பெயர் தந்தது. 2011-இல் மறையும்வரை அவர் ‘மலேசியா’ வாசுதேவனாகவே விளங்கினார். வேறு சிலர் மொழி மாறினர். பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தாரைக் கொண்டு எழுந்த ‘ஆலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. முன்னவர் பாடியது பிறர் எழுதிய தமிழ். பின்னவர்க்குப் புகழ் தந்தது தமிழே அன்று.

மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டவர்கள் சொல்லிசைக் கலைஞர்கள். ‘ராப்’ எனப்படும் இக்கலையில் பாடுவதைவிடத் தாளத்தோடு பேசுவதே மிகுதி. 1998-இல் ‘பொயடிக் அம்மோ’ குழு வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கண்டோனீஸ், தமிழ் ஆகிய நான்கும் இடம்பெற்றன. செந்தூல் தெருப்பேச்சு அப்படியே ஒலிநாடாவில் ஏறியது போன்றதுதான் அது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் ‘நட்சத்திரா’வோடு இணைந்து 2006-இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ்த் தொகுப்பைத் தந்தார்.

அதில் பலரும் அறிந்தது ‘மடை திறந்து’. ‘நிழல்கள்’ (1980) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு அது. வாய்ப்புத் தேடி அலையும் இளம் இசைக்கலைஞன் தன் வெற்றியைக் கனவு காணும் இடத்தில் வருவது. அம்மெட்டை எடுத்துக்கொண்டு, இடையிடையே தம் சொற்களைப் பெய்தனர் மலேசிய இளைஞர். சென்னைப் பாட்டை அப்படியே ஒப்பித்த மேடைகளின் வழியில் வந்தவர்கள், அப்பாட்டுக்குள்ளேயே தமக்கு இடம் பிடித்துக்கொண்டனர். தற்செயலாகத் தேர்ந்த பாட்டு என்று நான் எண்ணவில்லை.

தமிழ்ச் சொல்லிசை இவர்களிடமே தொடங்கிற்று என்பது மிகை. ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ முன்னரே ஒலித்தது. ஆயின் அது திரைக்கதைக்காக ஆக்கப்பட்டது. பாடுவோரே எழுதி, படத்தின் துணையின்றி வெளியிட்டது வேறு வகை. அதன் பயனாக 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்திலும், 2017-இல் ‘விவேகம்’ படத்திலும் யோகி பி-யின் குரல் ஒலித்தது.

தமிழாசிரியர் பலர் இவ்விசையைக் காதில் வாங்க மறுப்பர். ஆங்கிலக் கலப்பு மிகுதி என்பது அவர்தம் குறை, அது பொய்யன்று. எனினும் யாப்பறிந்தவர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஆங்கிலச் சொல்லிசை அடியின் ஈற்றில் ஒலியொப்புமையை நாடும். நம் இலக்கணத்தார் அதனை இயைபு என்பர். தமிழ்ச் செய்யுள் பெரிதும் போற்றுவது எதுகையும் மோனையும். தமிழில் வினைமுற்று வாக்கிய ஈற்றில் நிற்பதால் இயைபு எளிதில் கிட்டும்; எளிதில் கிட்டுவதால் விரைவில் சலிக்கும். கைதேர்ந்தவர் அங்கே மோனையைத் துணைக்கழைப்பர். நான்கடிச் செய்யுளை ஒப்பிக்கத் தயங்கும் ஆறாம் ஆண்டு மாணவன், சொல்லிசை வரிகளை மூச்சு விடாமல் சொல்லுகிறான். அவன் சொல்லும் வரியிலேயே மோனை எது என்று கேட்டால், இரண்டாம் முறையில் காட்டிவிடுகிறான்.