வெண்டால் எங்கட ஆள்

உலகக் கிண்ணம் வந்தால் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் பிரேசில் கொடி பறக்கும். மஞ்சள் ஜேர்சி போட்ட பெடியளிட்டக் கேட்டால் பெலேயில தொடங்கி நெய்மார் வரைக்கும் சொல்லுவினம். பார்போசா எண்டால் ஆரெண்டு கேப்பினம்.

மோசிர் பார்போசா, வாஸ்கோ ட காமா கழகத்தின் பந்துக்காப்பாளர். கறுப்பினத்தவர். 1950 ஜூலை 16, றியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயுடன் கடைசிப் போட்டி. சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் பிரேசிலுக்கு. கிகியா அடித்த பந்து பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவால் உள்ளே போனது, 2-1. பழி பார்போசாவிலும், பிகோடே, ஜுவெனல் என்ற இன்னும் இரண்டு கறுப்பு ஆட்டக்காரரிலும் விழுந்தது. 2000 இல் சாகும்வரை அது அவரை விடவில்லை. அவருக்குப் பிறகு ஒரு கறுப்பினத்தவர் பிரேசிலின் முதன்மைக் காப்பாளராக உலகக் கிண்ணம் ஆட, 2006 இல் டீடா வரவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் வாஸ்கோ, கறுப்பர்களும் தொழிலாளரும் ஆடிய அணியை வைத்து 1923 இலேயே றியோ சம்பியனான கழகம். அடுத்த வருசம் பெரிய கழகங்கள் தனி லீக் தொடங்கி, 12 ஆட்டக்காரரை நீக்கினால்தான் சேர்ப்போம் எண்டு நிண்டன. வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதியது. (அந்தக் கழகங்களின் மனம் எங்களுக்கும் புதிசில்லை. சாதி பார்த்துக் கழகம் பிரிந்த இடங்கள் இஞ்சயும் இருக்கு.) அணிக்குள்ள போறது ஒரு சண்டை. தோற்ற பிறகும் அந்த நாட்டின் ஆளாக இருக்கிறது வேறொரு சண்டை. 1958 ஜூனில் 17 வயதுப் பெலேயும் டிடியும் சுவீடனில் கிண்ணம் வென்றபோதும் பார்போசாவின் கணக்குத் தீரவில்லை.

அதே 1958, மே மாதம். டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. யாழ். மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஹெல்சிங்கி, மெல்பேர்ண் ஒலிம்பிக் இரண்டிலும் ஏற்கெனவே இலங்கைக்காகப் பாய்ந்தவர்.

விழா மே 24 இல் தொடங்கி ஜூன் 1 இல் முடிந்தது. இஞ்ச மே 22 இல் கலவரம் தொடங்கிவிட்டது. 27 இல் அவசரகாலச் சட்டம். கொழும்பில் அகதியான தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். ஒரு தமிழன் அங்க இலங்கைக் கொடியை ஏற்ற வைத்த அதே கிழமைகளில்தான் இது நடந்தது. அந்தத் தங்கம் இஞ்ச ஒரு வீட்டைக்கூட எரியாமல் காக்கவில்லை.

பிரேசில் கறுப்பரும் நாங்களும் ஒண்டில்லை. அவர்களுடையது அடிமைக் கப்பலில் தொடங்கிய வரலாறு. ஆனால் வெற்றிக்கு மட்டும் "எங்கட ஆள்" எண்டு சொல்லும் பழக்கம் ரெண்டு இடத்திலும் ஒண்டுதான். 2009 இல், போர் முடிந்த அதே வருசம், ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அவருடைய உயரத்தையும் கோல்களையும் நாடே கொண்டாடியது. அந்த வருசம் வடக்குச் சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடந்ததை அந்தக் கொண்டாட்டத்தில் எத்தனை பேர் நினைத்திருப்பினம்?

2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் இன்னொரு ஆசிய விளையாட்டு விழா. அதே மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த், ஆப்கானிஸ்தானுக்கு எதிரான காலிறுதியில் முதன்முதலாக இலங்கை அணிக்குப் பந்து வீசினார். இலங்கை தோற்றது. எதிர்வீரசிங்கம் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருசம்தான் காலமானார்.