பழைய முகவரி எங்கே ஒளிந்திருக்கிறது?

அலுவலக முகவரிப் புத்தகத்தில் ஒருவரின் மின்னஞ்சலைத் திருத்தியாகிவிட்டது. ஆனாலும் அவுட்லுக்கில் பழையதே வருகிறதே, ஏன்? இந்தத் தலைவலி ஆர்பாநெட் காலத்திலேயே உண்டு!

1970களில் அந்த வலையமைப்பின் கணினிப் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்ற இடங்களில் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். மூலத்தைத் திருத்தினாலும், புதுப் பிரதி எடுக்காதவர்களிடம் பழைய முகவரிதான்! கணினிகள் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பட்டியல் பலரிடம் பிரிந்தது. பிரதிகளுக்குக் காலாவதி நேரம் வந்தது. நேரம் முடிந்தால் மீண்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அவுட்லுக்கும் பெரும்பாலும் முகவரிப் புத்தகத்தின் பிரதியைத்தான் காட்டுகிறது. மூலம் சரியாக இருந்தால், முதலில் பிரதியைப் புதுப்பித்துப் பாருங்கள்!