ஸஹ்ராவி எழுதியதும் சாச்சி கேட்டதும்

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். கெட்டபேரிய கோபால முதலியார் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் வைத்தியர். 1760இல் மன்னனுக்கு எதிரான சதியை அறிவித்துக் காணி பெற்றவர். அந்தப் பேச்சோடு அல்-ஸஹ்ராவியின் பெயரும் வந்துவிடும். மார்புப் புற்றை அன்றே அறுத்துச் சுகமாக்கினார் என்று ஒரு மேடையில் சொல்லக் கேட்டுத் தலையாட்டியவன்தான் நானும்.

அக்குறணையிலிருக்கும் என் சாச்சிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகுதான் அவர் எழுதியதைத் தேடிப் பார்த்தேன். குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்து 1013 அளவில் வபாத்தானவர். 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீப்'பின் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. கட்டி புதிதாக, சிறிதாக, மார்பு, தொடை போன்ற முழுக்க எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் வேரோடு எடுக்கச் சொல்கிறார். பழையதாகிப் பெருத்துவிட்டால் கிட்டவே போகவேண்டாம் என்கிறார். அப்படியான ஒன்றைத் தான் சுகப்படுத்தியதுமில்லை, முன்னையவர் சுகப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் ஒத்துக்கொள்கிறார். மேடைப் பேச்சைவிட இந்த ஒப்புதல்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சாச்சி ஒரு வருஷம் மறைத்து வைத்திருந்தா. "ஆம்புள டொக்டருக்கு எப்பிடி மகன் காட்டுற?" என்றா. பிறகு, "முழுசா எடுக்கணுமா?" என்று கேட்டா.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ நூறு வருஷம் பிடித்தது. 1894இல் அமெரிக்கர் ஹால்ஸ்டெட் மார்பு, அதன் கீழுள்ள தசை, அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றும் முறையை விவரித்தார். நெஞ்செலும்பு தெரியும், கை வீங்கும். ஆனாலும் தலைமுறைக் கணக்கில் அதுவே சட்டம் போல இருந்தது. இத்தாலியில் வெரோனேசி 1973இலும் அமெரிக்காவில் பிஷர் 1976இலும் தொடங்கிய ஆய்வுகள்தான் அதை அசைத்தன. ஆரம்பத்திலேயே பிடிபட்ட சிறிய கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும், மார்பு முழுவதையும் எடுத்தாலும், உயிர்வாழும் காலத்தில் வித்தியாசமில்லை. 20 வருஷக் கணக்கு 2002இல் வெளிவந்தது. சாச்சியின் கட்டி அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. முழுக்க எடுத்தார்கள்.

மார்பை மீள அமைப்பதும் புதிதல்ல. முதுகுத் தசையைத் தோலோடு முன்னே திருப்பும் முறையை இத்தாலியர் டான்சினி 1906இலேயே விவரித்தார். மறந்துபோய் 1970களில் திரும்பி வந்தது. சிலிக்கன் உள்வைப்பு 1962இல் வந்தது, வயிற்றுத் தசையால் அமைப்பது 1982இல். "படைப்பை மாத்துறதாகாதா?" என்று சாச்சி கேட்டா. போரில் மூக்கிழந்த அர்பஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஹதீஸை மௌலவி நினைவூட்டினார். 2007இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் மார்பை மீள அமைப்பதை ஆகுமாக்கியிருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "முதுகையும் வெட்டவா? போதும் மகன்" என்றா. பஞ்சு வைத்துத் தானே ஒரு பொதி தைத்துக்கொண்டா. போன மாதம், 35 தாண்டிய தன் மகளை சுவநாரி கிளினிக்குக்கு அவவே கூட்டிப்போனா.