மரினோ காசினோ

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வடகிழக்கே, பதினெட்டாம் நூற்றாண்டில் வயல்வெளியாக இருந்த மரினோ பண்ணையில், முதலாம் சார்ல்மோண்ட் பிரபு தம் விச்ராந்திக்கென்று எழுப்பிய உத்தியான மண்டபம் இது. சிறுவீடு என்று பொருள்படும் இத்தாலியப் பெயர் கொண்டது. சூதாட்டத்தோடு யாதொரு சம்பந்தமும் உடையதன்று.

1746-இல் தேசயாத்திரை புறப்பட்டு, இத்தாலி, கிரேக்கம், துருக்கி, எகிப்து எனப் பல ஆண்டுகள் சஞ்சரித்துப் புராதன சிற்பங்களில் உள்ளம் தோய்ந்து திரும்பிய பிரபுவைத் தாயகத்திலேயே நிலைபெறச் செய்யும் எண்ணத்தோடு, அவருடைய மாற்றாந்தந்தை இப்பண்ணையை அவருக்கு அளித்தார். மண்டப வேலை 1750-களின் பிற்பகுதியில் தொடங்கி, 1770-களின் நடுவில்தான் நிறைவெய்தியது. வரைபடங்களை வகுத்த சர் வில்லியம் சேம்பர்ஸ் லண்டனில் வாழ்ந்தவர்; தம் கற்பனையின் உன்னத சிருஷ்டியான இதனைக் கண்ணாரக் காண அவர் ஒருமுறையேனும் அயர்லாந்துக்கு வந்ததில்லை. கடிதங்களும் படங்களும் கொண்டு, மயிரிழையும் பிசகாமல் கல்லில் அதனை நிறைவேற்றிய சைமன் வியர்பில் என்னும் சிற்பிக்கு இக்கீர்த்தியில் சமபாகம் உண்டு என்பதே நியாயம்.

சிலுவை வடிவான அடித்தளத்தின்மேல் பன்னிரண்டு டோரிக் தூண்கள் சூழ, பக்கத்துக்கு ஏறத்தாழ 50 அடி அளவே கொண்டு, தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒற்றை அறையுடைய ரோமானிய ஆலயமாகத் தோன்றும் இதனுள்ளே, மூன்று தளங்களில் பதினாறு அறைகள் அடங்கியுள்ளன. கூரைமீது அலங்காரமாகக் காணப்படும் கலசங்கள் உண்மையில் புகைபோக்கிகள். தூண்களுட் சில உள்ளே கூடாகக் குடையப்பட்டு, தொங்கும் சங்கிலி வழியே மழைநீரைக் கீழே இறக்குகின்றன. வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பெரிய சாளரம், வளைந்த கண்ணாடியின் மறைவில், ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளுக்கு ஒளி வழங்குகிறது. இவற்றை வெறும் தந்திரமென்று கருதுவது பொருந்தாது. உருவத்தின் தூய்மைக்கு ஊறு நேராமல் வாழ்வின் சௌகரியம் அனைத்தையும் அதற்குள் ஒடுக்கிவைக்கும் கட்டுப்பாடே இந்தக் கட்டடத்தின் மேன்மை.

1792-இல், டப்ளின் விரிகுடாவை நோக்கிய காட்சி மறையும்படி எதிரே பிறைவடிவ வீட்டுவரிசை ஒன்று எழுந்தது. பிரபுவின்மேல் கொண்ட பகையால் ஒருவர் கட்டியது என்பது கர்ணபரம்பரைச் செய்தி. 1920-களில் பண்ணையின் பெருமாளிகை இடிக்கப்பட்டு, நிலத்தில் நகரசபையின் குடியிருப்புகள் அமைந்தன. சிதைவுற்ற மண்டபத்தை அரசாங்கம் தன் பாதுகாப்பில் ஏற்று, 1974-இல் ஜீர்ணோத்தாரணம் தொடங்கி, 1984-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.